எண்ணிக்கையும் இருக்கையும்: வைப்பின் தீவை முன்வைத்து மக்களாட்சி குறித்த ஓர் அறநோக்கு

மக்களாட்சி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆள்வோர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகின்றனர் என்ற வினாவிலிருந்தே தொடங்குகின்றன. வாக்குரிமை, தேர்தல் முறை, பெரும்பான்மை, எதிர்க்கட்சி ஆகியன அவ்வினாவின் விரிவுகளாகும். அதற்கு முற்பட்ட வினா ஒன்று உண்டு. எண்ணப்பட வேண்டியவர் யார்? அவையில் இருக்கை பெறுவோர் யார்? முதல் வினாவுக்கு விடை கண்ட பல அரசுகள் இரண்டாம் வினாவைக் கேளாமலேயே கடந்துவிட்டன. இன்று உலகின் பல பகுதிகளில் மக்களாட்சி தளர்ந்து வருவதாகக் கவலை எழுந்துள்ள சூழலில், அதன் வலுவும் மெலிவும் இவ்விரண்டாம் வினாவிலேயே தங்கியுள்ளன என்பதைக் கொச்சியின் வைப்பின் தீவையும் அதற்கு எதிர்க்கரையிலுள்ள மட்டாஞ்சேரியையும் முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

இரண்டு வினாக்களும் வேறுவேறானவை என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. மக்களாட்சியின் தொன்மை பேசும் எவரும் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சுட்டாமல் விடுவதில்லை. முதற் பராந்தகன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள், ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை வழியே வாரிய உறுப்பினரைத் தேர்ந்த முறையை விரித்துரைக்கின்றன. 35 முதல் 70 வரையிலான வயது, இறை செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, மறை பயின்ற அறிவு ஆகியன தகுதிகள். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். இன்றைய அவைகள் நாணத்தக்க கண்டிப்பு இது. ஆயின் உத்திரமேரூர் ஒரு பிரமதேயம்; அச்சபை அந்தணர் சபை. ஊரின் நிலத்தை உழுதவர் பெயர் எந்த ஓலையிலும் எழுதப்படவில்லை. ஏதென்சு நகர அவையில் பெண்டிரும் அடிமைகளும் அயலிலிருந்து குடியேறியோரும் இடம்பெறாமையை இதனோடு ஒப்புநோக்கலாம். எண்ணும் முறை செப்பமாக இருக்க, எண்ணப்படுவோர் வட்டம் சுருங்கியிருந்தது.

நீரில் கூடிய அவை

வைப்பின் என்னும் பெயரைத் தமிழறிந்தோர் எளிதில் உணர்வர். கடலும் ஆறும் கொணர்ந்து வைத்த நிலம் வைப்பு. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தோடு இத்தீவின் தோற்றத்தை மரபு இணைக்கிறது. அவ்வாண்டைத் தொடக்கமாகக் கொண்டு புதுவைப்பு என்னும் ஆண்டுமுறையும் இப்பகுதியில் வழங்கியது. ஏறத்தாழ 25 கி.மீ. நீளமுள்ள இம்மணற்பட்டையின் ஒருபுறம் அரபிக்கடல், மறுபுறம் காயல். யாருக்கும் உரியதாக இல்லாதிருந்து நீரிலிருந்து எழுந்த நிலம் விரைவிலேயே சிலருக்கு மட்டும் உரியதாயிற்று. இது வைப்பினுக்கு மட்டும் உரிய வரலாறன்று.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சி அரசில் புலையர் பொது இடத்தில் கூட்டம் கூட வழியில்லை. வயலை விளைவித்தவர்க்கு அவ்வயலின் வரப்பில்கூடக் கூடிப் பேசும் உரிமை இல்லாதிருந்தது. மீனவர் குலத்தில் பிறந்த புலவர் பண்டிட் கே.பி. கருப்பன் (1885–1938) இதற்குக் கண்ட வழி எளியது. நிலத்தில் தடை உண்டு, நீரில் இல்லை. 1913இல் போல்காட்டித் தீவை ஒட்டிய காயலில் வள்ளங்களையும் கட்டுமரங்களையும் ஒன்றோடொன்று பிணைத்து, அவற்றின்மேல் புலையர் ஒன்றுகூடினர். காயல் சம்மேளனம் என்று கேரள வரலாற்றில் வழங்கும் இக்கூட்டத்தையொட்டியே கொச்சியில் புலையர் மகாசபை உருவாயிற்று.

இந்நிகழ்ச்சியைச் சட்டத்தின் ஓட்டையைப் பயன்படுத்திய சாதுரியமாக மட்டும் கருதுவோர் உளர். அதன் பொருள் அதனினும் ஆழமானது. பழந்தமிழில் மன்றம், பொதியில், அம்பலம் என்னும் சொற்கள் ஊரார் கூடும் இடத்தைக் குறித்தன. பொது என்னும் கருத்தே ஓர் இடத்தோடு பிணைந்து தோன்றியது. கூடுதற்கு இடமில்லாதவர்க்குக் கருத்து இருக்கலாம். பொதுக்கருத்து இருத்தல் அரிது. ஒருவன் குறையை மற்றொருவன் கேட்டு, அது தன் குறையும் ஆதலை உணரும்போதே தனியாள் துயரம் அரசியல் ஆகிறது. அந்த உணர்தலுக்கு வேண்டிய தளத்தையே அன்று வள்ளங்கள் அளித்தன. வாக்குரிமை என்னும் பேச்சே அப்போது அங்கு எழவில்லை. எனினும் மக்களாட்சியின் முதற்படி அக்காயலில் எடுத்துவைக்கப்பட்டது எனலாம்.

எர்ணாகுளத்தில் நடைபெற்ற வேளாண் கண்காட்சி ஒன்றைப் பற்றியும் சொல்லப்படுவதுண்டு. காட்சிக்கு வைத்த விளைபொருள்களை விளைவித்தோர்க்கு உள்ளே வர இசைவில்லை. அவர்கள் காயலில் வள்ளங்களில் காத்திருக்க, கருப்பன் அதனைத் திவானிடம் எடுத்துரைத்து இசைவு பெற்று அவர்களைக் கரையேற்றினார் என்பர். 1925இல் கொச்சிச் சட்டமன்றம் அமைந்தபோது ஒடுக்கப்பட்டோர் சார்பில் கருப்பனே நியமன உறுப்பினரானார். நீரில் கூடிய கூட்டத்திற்கும் அவையின் இருக்கைக்கும் இடையே 12 ஆண்டுகள் சென்றன. அவ்விருக்கையும் வாக்கினால் வந்ததன்று; ஒடுக்கப்பட்ட மக்களிலிருந்தே ஒருவர் அதில் அமர மேலும் சில ஆண்டுகள் ஆயின.

செராயில் ஓர் உணவும் ஒரு தீர்மானமும்

அறவியல் நோக்கில் இதனினும் சிக்கலான நிகழ்ச்சி வைப்பின் தீவின் வடபகுதியிலுள்ள செராயில் நேர்ந்தது. அவ்வூர் ஈழவர்கள் விஞ்ஞான வர்த்தினி சபை என்னும் அமைப்பின்வழிக் கல்வியிலும் வழிபாட்டிலும் தம்மை உயர்த்திக்கொண்டவர்கள். மேற்சாதியார் கோயில்களில் நுழைய இயலாதிருந்த அவர்களுக்காக 1912இல் நாராயண குரு கௌரீசுவரர் கோயிலில் திருவுருவை நிறுவினார். மலையாளப் பழனி என்றும் அக்கோயிலைச் சுட்டுவர். விலக்கப்பட்டோர் தமக்கென அமைத்துக்கொண்ட அவை என்ற அளவில் அச்சபை போற்றத்தக்கது.

1917 மே 29 அன்று செராயில் ஐயப்பன் (1889–1968) என்னும் இளைஞர் ஈழவர் சிலரைப் புலையச் சிறுவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணச் செய்தார். உணவு மிக எளியது: சோறும், பலாக்கொட்டையும் கடலையும் சேர்ந்த கறியும். மிச்ரபோசனம் எனப்படும் இக்கலப்புணவு ஊரைக் கொந்தளிக்கச் செய்தது. விஞ்ஞான வர்த்தினி சபை கூடி ஐயப்பனைச் சார்ந்தோரை விலக்கிவைத்தது. அவரைப் புலையன் ஐயப்பன் என்று இழித்துரைத்தனர். அவர் அதனைப் பட்டமாகவே ஏற்றார். அவரை நாடு கடத்துமாறு கொச்சி அரசருக்கு விண்ணப்பமும் சென்றது. அரசர் அதற்கு இசையவில்லை.

ஈண்டு எழும் அறச்சிக்கலைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அவை கூடியது, உறுப்பினர் பலருடைய கருத்து ஓங்கியது, அதன்படி தீர்மானம் ஆயிற்று. வடிவ அளவில் மக்களாட்சிக்குரிய இலக்கணம் அனைத்தும் அத்தீர்மானத்திற்குப் பொருந்தும். மறுபுறம், எவராலும் தேர்ந்தெடுக்கப்படாத அரசர் ஒருவர் மறுத்ததனால் ஐயப்பன் தம் ஊரிலேயே இருக்க முடிந்தது. பெரும்பான்மை விலக்கியது, முடியாட்சி காத்தது எனில், மக்களாட்சியை விரும்பும் ஒருவர் எப்பக்கம் நிற்பது?

முடியாட்சியே மேல் என்று முடிவுகட்டுவது எளிது; அது பிழை. அரசரின் இசைவின்மை அவர்தம் மனப்போக்கைச் சார்ந்தது. மற்றோர் அரசர் வேறுவகையாக முடிவெடுத்திருக்கலாம். விடை வேறிடத்தில் உள்ளது. பெரும்பான்மை என்பது ஒரு கணக்கு. எக்கணக்கிற்கும் முன்னதாக எண்ணப்படும் தொகுதி வரையறுக்கப்பட்டாக வேண்டும். நூறு பேரில் 51 பேர் பெரும்பான்மை என்பதற்கு, அந்த நூறு பேர் யார் என்பது முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். அந்நூறு பேர் யார் என்பதையும் பெரும்பான்மையே முடிவு செய்யும் எனின், 51 பேர் எஞ்சிய 49 பேரை வெளியேற்றலாம். பின் அந்த 51 பேரில் 26 பேர் 25 பேரை வெளியேற்றலாம். இதற்கு எல்லை இல்லை. ஆகவே பெரும்பான்மையின் ஆணை எவ்வளவு அகன்றதாயினும், உடனிருப்போர் யார் என்பதை மாற்றும் உரிமை அதற்குள் அடங்காது. செராய்ச் சபை அன்று எடுத்த தீர்மானம் பெரும்பான்மை முடிவு என்பது உண்மை. எனினும் அது எடுக்கத்தக்க முடிவன்று.

இதனை வெறும் தருக்க விளையாட்டாகக் கொள்ளலாகாது. இலங்கைத் தமிழர் வரலாறு இதன் விளைவை நன்கு அறியும். 1947இல் இலங்கையில் நடைபெற்ற பொதுத்தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தனுப்பினர். விடுதலை பெற்ற அந்நாட்டின் நாடாளுமன்றம் 1948இல் குடியுரிமைச் சட்டத்தையும் 1949இல் தேர்தல் சட்டத் திருத்தத்தையும் நிறைவேற்றியது. மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்தனர். படைப்புரட்சி ஏதும் நிகழவில்லை. அவை முறையாகக் கூடிற்று, வாக்குகள் முறையாக எண்ணப்பட்டன. அடுத்த தேர்தலுக்கு முன்னதாக எண்ணப்படும் தொகுதி மட்டும் சுருக்கப்பட்டது. 1952இல் அம்மக்களின் சார்பில் தொண்டமான் முதலியோர் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவ்வாண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஓரிடமும் கிட்டவில்லை. நாடற்றோர் என்ற நிலையின் எச்சத்தைத் துடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. துப்பாக்கியால் வீழ்ந்த மக்களாட்சிகளைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. தன் அவையிலேயே, தன் வாக்கினாலேயே தன்னைக் குறைத்துக்கொண்ட மக்களாட்சிகளைப் பற்றி அவ்வளவாக எழுதப்படவில்லை.

ஐயப்பன் 1917இல் தொடங்கிய இயக்கத்திற்குச் சகோதர சங்கம் என்றும், 1956 வரை நடத்திய இதழுக்குச் சகோதரன் என்றும் பெயரிட்டமை கருதத்தக்கது. சகோதரன் என்பது அவர் பெயருக்கு முன் நிலைத்த அடையாயிற்று. விடுதலை, சமத்துவம், உடன்பிறப்புணர்வு என்னும் பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று முழக்கங்களுள் முதலிரண்டும் சட்டங்களில் இடம்பெற்றன. மூன்றாவது பெரும்பாலும் விழா மேடைகளோடு நின்றது. அவர் மூன்றாவதிலிருந்து தொடங்கினார். இதே திசையில் 1936இல் அம்பேத்கர், மக்களாட்சி முதன்மையாக ஒருங்குவாழும் ஒரு முறையே, ஆட்சி வடிவம் அதன்பின் வருவது என்று சாதியொழிப்பு பற்றிய தம் உரையில் விளக்கினார். 1949 நவம்பர் 25 அன்று அரசியலமைப்பு அவையில் ஆற்றிய உரையில், அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளியல் வாழ்வில் ஏற்றத்தாழ்வும் ஒருங்கே நிலவும் முரண் நீடிப்பின் என்ன ஆகும் என்று அவர் எச்சரித்ததும் இக்கருத்தின் தொடர்ச்சியே. செராயில் இலை போட்டவர்க்கு அந்நூல்கள் கிடைத்திருக்க வழியில்லை. அவை அப்போது எழுதப்படவேயில்லை.

நாராயண குரு 1921இல் கலப்புணவிலும் கலப்பு மணத்திலும் குற்றமில்லை என்று தம் கைப்பட எழுதியளித்த செய்தி ஐயப்பனுக்குத் துணையாயிற்று. 1928இல் அவர் கொச்சிச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிற்காலத்தில் அமைச்சரும் ஆனார்.

வெளியேறாமை

மேற்கண்ட வாதத்திற்கு ஒரு மறுப்பு உண்டு. அரசு வேறு, சங்கம் வேறு. தன் உறுப்பினர் யாவர் என்பதை முடிவு செய்யும் உரிமை ஒரு சங்கத்திற்கு இல்லையெனில் சங்கம் சேரும் உரிமையே பொருளற்றதாகும். யாரோடு உண்பது என்பதும் அவரவர் விருப்பம். இம்மறுப்பைப் புறந்தள்ளுதல் இயலாது. சட்டத்தால் ஒருவரை மற்றொருவர் பக்கத்தில் உட்காரவைக்கலாம், உடன்பிறப்பாக்க இயலாது. ஆயினும் விரும்பிச் சேரும் கழகமும், பிறப்பால் வந்தடையும் சமுதாயமும் ஒன்றல்ல. முன்னதிலிருந்து விலகினால் வேறொன்றில் சேரலாம். பின்னதிலிருந்து விலக்கப்பட்டவர்க்கு மணவுறவும் சாவுச்சடங்கும் அயலார் துணையும் ஒருசேர அற்றுப்போகும்.

தமிழகத்தில் இவ்வழக்கு சேரன்மாதேவிக் குருகுலத்தில் எழுந்தது. வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய அக்கல்விநிலையம் தேசிய நோக்குடையது. தமிழ்நாடு காங்கிரசின் நிதியும் பெற்றது. அங்கு அந்தணச் சிறுவர் சிலர்க்குத் தனிப்பந்தி நடந்ததை வரதராசுலு நாயுடுவும் ஈ.வெ. இராமசாமியும் கண்டித்தனர். பெற்றோர்க்கு அளித்த வாக்குறுதி என்பது ஒரு தரப்பின் விடை. பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் பந்தி வேற்றுமை கூடாது என்பது மறுதரப்பின் வாதம். நாட்டுவிடுதலை கோரிய ஓர் இயக்கம் சோற்றுப்பந்தியின்முன் பிளவுற்றது. அப்பிளவின் விளைவுகள் தமிழக அரசியலில் நெடுங்காலம் நீடித்தமை யாவரும் அறிந்ததே.

மட்டாஞ்சேரியில் இதே சிக்கல் சமய வேலிக்குள் எழுந்தது. அங்குள்ள பரதேசி யூதப்பள்ளி 1568இல் கட்டப்பெற்றது. அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழிவந்தவர் எனக் கருதப்பட்ட யூதர்க்கு அங்கே நிகரான இடமில்லை. அவர்கள் ஆசனங்களில் அமர இயலாது. மறை ஓத அழைக்கப்படுவதில்லை. அப்பிரிவில் பிறந்த ஏ.பி. சேலம் (1882–1967) கொச்சி யூதருள் முதல் பட்டதாரி, வழக்கறிஞர், கொச்சிச் சட்டமன்ற உறுப்பினர், 1929 இலாகூர் காங்கிரசில் கலந்துகொண்டவர். நாட்டின் அவையில் இருக்கை பெற்ற ஒருவர்க்குத் தம் வழிபாட்டிடத்தில் இருக்கை இல்லை.

சேலம் கைக்கொண்ட முறை ஆராயத்தக்கது. அவர் வேறு பள்ளி அமைத்துக்கொண்டு செல்லவில்லை. தம் மக்களோடு அதே பள்ளிக்குள் சென்று, மறுக்கப்பட்ட இடத்திலேயே அமைதியாக அமர்ந்தார். யூதக் காந்தி என்று அவரைப் பின்னாளில் அழைத்தது இதுபற்றியே. தடைகள் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. மேற்கூறிய மறுப்புக்கு அவருடைய வாழ்வே ஒரு விடையாகும். சங்கத்தின் உரிமையை அவர் அரசின் ஆணையால் முறிக்கவில்லை; நான் உங்களுள் ஒருவன் என்ற உறுதியால் அதனை உள்ளிருந்து திருத்தினார். விலக்கப்பட்டவர் வெளியேறாமல் இருப்பதும் அரசியற் செயலே. 1960இல் அமெரிக்காவின் கிரீன்சுபரோ நகரில் கறுப்பின மாணவர் நால்வர் வெள்ளையர்க்கெனப் பிரித்த உணவு மேசையில் எழாமல் அமர்ந்திருந்ததும் இவ்வகையினதே. பள்ளிக்குச் செல்லும் தெரு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சேலம் முதலியோர் போராடிப் பெற்ற ஆசனங்கள், மக்கள் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தபின் பெரும்பாலும் ஆளின்றிக் கிடப்பது வரலாற்றின் வேறொரு முரண்.

வாக்குச்சீட்டும் சாப்பையும்

அவையிலும் பள்ளியிலும் பந்தியிலும் இடம் பெற்றபின் சிக்கல் தீர்ந்ததா என்பதற்கு மட்டாஞ்சேரித் துறைமுகம் மறுவிடை தருகிறது. அங்குச் சரக்கேற்றும் தொழிலாளர்க்குச் சாப்பை என்னும் உலோக வில்லை வழியே வேலை தரப்பட்டது. ஒப்பந்தக்காரரின் ஆள் கூட்டத்தின் நடுவே வில்லைகளை வீசியெறிவான். மிதித்தும் அடித்தும் அதனைக் கைப்பற்றியவர்க்கே அன்றைய வேலை. ஏனையோர் வீடு திரும்ப வேண்டியதுதான். இம்முறைக்கு எதிராக எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று காவல்துறையினர் சுட்டதில் தொழிலாளர் மூவர் இறந்தனர். 2023இல் இராசீவ் இரவி இயக்கத்தில் வெளிவந்த ‘துறமுகம்’ என்னும் மலையாளத் திரைப்படம் இவ்வரலாற்றைச் சித்திரிக்கிறது.

ஆண்டை நோக்குக. குடியரசு அமைந்து மூன்றாண்டுகள் கடந்துவிட்டன. வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் முதற் பொதுத்தேர்தல் 1951–52இல் நடந்து முடிந்தது. அத்தேர்தலில் வாக்குச்சீட்டை வாங்கி வரிசையில் நின்று பெட்டியில் இட்ட அதே கை, விடியலில் புழுதியில் சாப்பைக்காகத் துழாவியது. முதலாளியின் வாக்குக்கு நிகரான மதிப்பு அவன் வாக்குக்கு உண்டு. பக்கத்தில் நின்ற தோழனோ அவனுக்குப் பகைவன். அம்பேத்கர் எச்சரித்த முரணுக்கு இதனினும் தெளிவான காட்சி வேண்டுவதில்லை. சாப்பை முறையின் கொடுமை கூலிக்குறைவில் மட்டும் அடங்கவில்லை. காயலில் வள்ளங்களைப் பிணைத்தவர் எதனை உண்டாக்கினரோ அதனையே, அதாவது ஒருவர் குறையை மற்றவர் தம் குறையாக உணரும் நிலையையே, அது நாள்தோறும் குலைத்தது. சங்கமாகத் திரண்ட பின்னரே அம்முறையை ஒழிக்க முடிந்தது.

இத்துணையும் கூறுவதால் எண்ணிக்கையை இழிவாகக் கருதுதல் பொருந்தாது. இருக்கை பெற்றவர் தம் இருப்பை உறுதிசெய்துகொள்ளும் கருவி அதுவே. செராயிலிருந்து காயலைக் கடந்தால் பறவூர். 1982 மே மாதத் தேர்தலில் அத்தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில் இந்தியாவிலேயே முதன்முறையாக மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் பயன்படுத்தப்பட்டது. எந்திரத்தைப் பயன்படுத்துவதற்கு எதிராகத் தேர்தலுக்கு முன்பே நீதிமன்றம் சென்ற வேட்பாளர் சிவன் பிள்ளை. ஆயின் 123 வாக்கு வேறுபாட்டில் அவரே வென்றார். தோற்ற ஏ.சி. சோசு பின்னர் அதே எந்திரத்திற்கு எதிராக வழக்காடினார். எந்திரம் பழுதுடையது என்று உச்சநீதிமன்றம் கூறவில்லை. அதனைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை, தேர்தல் ஆணையம் சட்டத்தை மீறி முறையை மாற்ற இயலாது என்றே 1984இல் தீர்ப்பளித்தது. நாட்டில் மிகப் பெரும் நிறுவனம் ஒன்று நல்ல நோக்கத்தோடு செய்த மாற்றத்தை, ஒரு சிறு தொகுதியின் 50 சாவடிகளுக்காக நீதிமன்றம் நிறுத்தியது. மக்கள் அதே சாவடிகளில் தாளில் முத்திரையிட்டு மீண்டும் வாக்களித்தனர். இம்முறை சோசு வென்றார். எந்திரத்திற்கு இடமளிக்கும் சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்ற 1988 வரை ஆயிற்று.